எலி பழகிக்கொண்டதா? கொறித்துண்ணிகளின் உடலமைப்பும் பரிணாமமும்



"எலி மருந்துக்குப் பழகிப்போச்சு. இப்பெல்லாம் வச்சாலும் சாகறது இல்ல." செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் பலர் இப்படிச் சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள். இதே கருத்து மாணவர்களின் விடைத்தாளுக்கு வரும்போது கொஞ்சம் உடை மாற்றிக்கொண்டு வரும்: "எலி விஷத்திற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டது."

இரண்டு வாக்கியங்களும் கண்ட காட்சி உண்மைதான். மருந்து வைத்தும் எலி சாகவில்லை. ஆனால், சொன்ன காரணம் சரியில்லை. எந்த ஒரு எலியும் அந்த விஷத்துக்குப் பழகவில்லை. தன்னை மாற்றிக்கொள்ளவும் இல்லை. அப்படியானால் மாறியது எது? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்விக்கான விடைதான்.

உயிரியல் விஷயத்தைத் தமிழாசிரியர் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். நம் மாணவர்கள் தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ தொடர்கிறார்கள். யோசிப்பது மட்டும் பெரும்பாலும் தமிழில்தான். பரிணாமத்தைப் பொறுத்தவரை, பிழை பல நேரம் அறிவியலில் நுழைவதற்கு முன்பே வாக்கியத்தில் நுழைந்துவிடுகிறது. அதைப் பிடிக்க வேண்டியது நாம்.

எடுத்துக்காட்டுகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பெக்கோக்கைச் சுற்றிச் செம்பனையும் ரப்பரும். சிலாய் வழியாக உள்ளே போனால் எண்டாவ் ரொம்பின் காடு. தோட்டத்து எலி முதல் காட்டு முள்ளம்பன்றி வரை கொறித்துண்ணிகளின் பாடம் முழுதும் இங்கேயே இருக்கிறது.

1. முதலில் பெயரை நம்பாதீர்கள்

கொறித்துத் தின்பதால் கொறித்துண்ணி. சில நூல்களில் 'கொறிணி' என்றும் காண்பீர்கள். பாலூட்டிகளிலேயே மிகப் பெரிய பிரிவு இதுதான். ஏறக்குறைய 2,500 இனங்கள், அதாவது பாலூட்டி இனங்களில் பத்துக்கு நான்கு கொறித்துண்ணி.

ஆனால், எது கொறித்துண்ணி, எது இல்லை என்பதில் பெயர் நம்மை நன்றாக ஏமாற்றும்.

முள்ளம்பன்றி: பெயரில் பன்றி இருக்கிறது. ஆனால் அது கொறித்துண்ணி.

முள்ளெலி: பெயரில் எலி இருக்கிறது. தமிழ்நாட்டின் தென்பகுதி வறண்ட நிலங்களில் வாழும் இந்தச் சிறிய விலங்கு பூச்சி தின்னும் வேறொரு பிரிவைச் சேர்ந்தது. கொறித்துண்ணி இல்லை.

மூஞ்சூறு: எலி மாதிரியே இருக்கும். வீட்டு ஓரத்தில் கீச்கீச் என்று ஓடும். இதுவும் கொறித்துண்ணி இல்லை. வாயைத் திறந்தால் ஊசி போன்ற கூர்மையான சிறு பற்கள் வரிசையாக இருக்கும்.

முயல்: கொறிக்கிறது, ஆனாலும் கொறித்துண்ணி இல்லை. மேல்தாடையில் முன்பற்களுக்குப் பின்னால் இன்னொரு சிறிய ஜோடி ஒளிந்திருக்கும். கொறித்துண்ணிக்கு அந்த இரண்டாவது ஜோடி கிடையாது. இருந்தாலும் முயல்தான் கொறித்துண்ணிகளுக்கு மிக நெருங்கிய உறவு.

துப்பாய்: மலாயில் அணிலையும் இப்படித்தான் சொல்கிறார்கள், மர மூஞ்சூற்றையும் இப்படித்தான் சொல்கிறார்கள். அணில் கொறித்துண்ணி, மர மூஞ்சூறு இல்லை. மர மூஞ்சூற்றின் அறிவியல் பெயரான 'துப்பாயா' இந்த மலாய்ச் சொல்லிலிருந்தே போனது.

பெருச்சாளி: இது உண்மையான கொறித்துண்ணி. நம் ஊர்ச் சாக்கடையில் ஓடும் பெரிய எலியையும் பெருச்சாளி என்கிறோம். பல நேரம் அது பழுப்பு எலிதான். ஆங்கிலத்தில் பெருச்சாளிக்கு வழங்கும் 'பேண்டிகூட்' என்ற சொல் தெலுங்கின் 'பந்திகொக்கு' என்பதிலிருந்து பிறந்தது. 'பன்றி எலி' என்று பொருள்.

ஆகவே பெயரை விட்டுவிட்டுப் பல்லைப் பாருங்கள்.

2. நான்கு பற்கள் செய்த வேலை

எலியின் வாயில் முன்பக்கம் மேலே இரண்டு, கீழே இரண்டு என மொத்தம் நான்கு வெட்டுப்பற்கள். கோரைப்பல் கிடையாது. வெட்டுப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பெரிய இடைவெளி. எல்லாக் கொறித்துண்ணிகளுக்கும் இதுவே அடையாளம்.

இந்த வெட்டுப்பல்லில் இரண்டு விசேஷங்கள் உண்டு.

முதலாவது, அது வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்மானமே இல்லாவிட்டால் ஓர் எலியின் பல் ஆண்டுக்கு 10 செண்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிடும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தாத எலிக்குப் பல் வளைந்து நீண்டு, கடைசியில் சாப்பிடவே முடியாமல் போகும்.

இரண்டாவது, கடினமான எனாமல் பல்லின் முன்பக்கம் மட்டுமே இருக்கும். பின்பக்கம் அதைவிட மென்மையான டென்டின். கடிக்கக் கடிக்க மென்மையான பின்பக்கம் சீக்கிரம் தேயும். கடினமான முன்பக்கம் மெதுவாகத் தேயும். விளைவு, தச்சர் கையிலுள்ள உளி போல விளிம்பு எப்போதும் கூராகவே இருக்கும். தானே தீட்டிக்கொள்ளும் உளி என்று வகுப்பில் சொல்லுங்கள், மாணவர்கள் மறக்க மாட்டார்கள். பல கொறித்துண்ணிகளின் முன்பல் ஆரஞ்சு நிறமாக இருப்பதற்கு எனாமலில் உள்ள இரும்புச் சத்து காரணம். அது அழுக்கு இல்லை.

பற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிக்கும் பயன் உண்டு. உதட்டுத் தோலை அந்த இடத்தில் உள்ளே மடக்கிவிட்டால் வாசல் மூடியதுபோல ஆகிவிடும். மரத்தைக் கொறிக்கலாம், மரத்தூள் தொண்டைக்குள் போகாது.

3. ஒரே பல், மூன்று தாடை

பல் ஒன்றுபோல இருந்தாலும் அதை இயக்கும் தாடைத் தசை எல்லாவற்றுக்கும் ஒன்றில்லை. கொறிக்கும்போது கீழ்த்தாடை முன்னால் நகரும். மெல்லும்போது பின்னால் போகும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. இந்த வேலைக்குத் தசை எப்படி அமைந்திருக்கிறது என்பதை வைத்து அறிவியலாளர்கள் நீண்ட காலமாக மூன்று வகை சொல்லி வருகிறார்கள். மூன்றும் நம் வட்டாரத்திலேயே உண்டு.

அணில் வகை: வெளித்தசை கண்ணுக்கு முன்னால் முகவாய் வரை நீண்டிருக்கும். கடினமான கொட்டையைக் கொறிக்க நல்ல பலம். வீட்டுக் கொல்லையில் தாவும், வயிறு செம்பழுப்பாக இருக்கும் நம் அணில் இந்த வகை. முதுகில் மூன்று கோடு உள்ள இந்திய அணில் வேறு இனம். ஆனால் தாடை அமைப்பு இதேதான்.

முள்ளம்பன்றி வகை: உள்தசை கண்ணுக்கு முன்னால் எலும்பிலுள்ள ஒரு பெரிய துளை வழியாக நுழைந்து முகவாயில் ஒட்டியிருக்கும். மெல்லுவதில் கெட்டி. தென்னமெரிக்காவின் கினிப்பன்றியும், உலகில் இன்று வாழும் மிகப் பெரிய கொறித்துண்ணியான காபிபாராவும் இந்த வகை. காபிபாரா ஏறத்தாழ 50 கிலோ எடை வரும்.

எலி வகை: இரண்டு அமைப்பும் சேர்ந்து இருக்கும். 2012ல் வெளியான ஒரு கணினி ஆய்வு அணில், கினிப்பன்றி, எலி மூன்றின் மண்டையோட்டையும் ஒப்பிட்டது. கொறிப்பதில் அணில் கினிப்பன்றியை வென்றது. மெல்லுவதில் கினிப்பன்றி அணிலை வென்றது. எலியோ இரண்டிலும் நன்றாகச் செய்தது. கிடைத்ததைத் தின்று எங்கும் பிழைக்கும் எலிக்கு இந்தத் தாடை எவ்வளவு உதவி என்று சொல்லத் தேவையில்லை.

4. எங்கிருந்து வந்தன?

ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு டைனோசர்கள் அழிந்தன. அதற்குப் பிறகு பாலூட்டிகள் பல திசைகளில் பெருகின. தெளிவாகக் கொறித்துண்ணி என்று சொல்லக்கூடிய மிகப் பழைய புதைபடிவங்கள் சுமார் 5 கோடியே 60 லட்சம் ஆண்டு பழமையானவை. அவற்றிலேயே அந்த வளரும் வெட்டுப்பல் வந்துவிட்டது. பிறகு வந்த மாற்றங்கள் எல்லாம் இந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவைதான். மரம் ஏறுவது, மண்ணுக்குள் வாழ்வது, நீந்துவது, மரம் விட்டு மரம் மிதந்து பாய்வது என்று கொறித்துண்ணிகள் பிரிந்து போயின.

சுண்டெலியும் எலியும் நமக்கு அண்ணன் தம்பி மாதிரித் தெரியும். ஆனால் அவை பிரிந்து ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. மாறாக, 'ராட்டஸ்' என்னும் எலிப் பேரினத்தின் பல இனங்கள் கடந்த சில லட்சம், சில பத்து லட்சம் ஆண்டுகளில் தென்கிழக்காசியாவைச் சுற்றியே தோன்றியவை. அதாவது எலிகளின் பரிணாமத்துக்கு நம் வட்டாரம் ஒரு முக்கியமான களம்.

நம் செம்பனைத் தோட்டத்தில் அதிகம் காணப்படும் எலி அந்தக் குடும்பத்தில் ஒன்று. அதன் அறிவியல் பெயர் 'ராட்டஸ் தியோமானிக்கஸ்'. ஆம், மெர்சிங்கில் படகு ஏறிப் போகிறோமே, அந்தத் தியோமான் தீவின் பெயர்தான். 1900ல் இந்த இனத்துக்கு அந்தப் பெயர் வைக்கப்பட்டது.

5. தோட்டம் கொடுத்த விருந்து

தியோமான் எலி முதலில் காட்டோரத்திலும் புதர்க்காட்டிலும் வாழ்ந்த எலி. 1917ல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிக அளவில் செம்பனை நடப்பட்டது. 1960களுக்குப் பிறகு நாடு முழுவதும் செம்பனை பரவியது. எலியின் பார்வையில் இது என்ன? ஆண்டு முழுக்கப் பழம். பதுங்குவதற்கு வெட்டிக் குவித்த மட்டைகள். மரத்தில் ஏறினால் குலை, கீழே இறங்கினால் உதிரிப் பழம். ஒரு ஹெக்டரில் சில நூறு எலிகள் வரை இருக்கக்கூடும் என்று ஆய்வுகள் கணக்கிட்டன. கட்டுப்படுத்தாவிட்டால் எண்ணெய் மகசூலில் ஏறத்தாழ 5 விழுக்காடு எலிக்கே போகும் என்பது பல காலமாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

எலி வேகமாகப் பெருகுவதும் நமக்குத் தெரியும். கருக்காலம் சுமார் மூன்று வாரம். பிறந்த பெண் எலி இரண்டு மூன்று மாதத்தில் தாயாகத் தயார். ஓர் ஆண்டுக்குள் மூன்று நான்கு தலைமுறை வந்துவிடும். தாத்தா, அப்பா, பிள்ளை என்று நம் வீட்டில் மூன்று தலைமுறை ஆவதற்குள் எலிக்கு இருநூறு தலைமுறைக்கு மேல் ஆகிவிடும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். பரிணாமத்துக்கு ஆண்டுக் கணக்கைவிடத் தலைமுறைக் கணக்கே முக்கியம்.

6. வார்ஃபரின்: எலியின் சந்தேகத்தை வென்ற மருந்து

எலி சந்தேகப் பிராணி. புதிய பொருளைக் கண்டால் ஒதுங்கும். கொஞ்சம் சுவைத்துப் பார்க்கும். உடனே வயிற்றைப் புரட்டினால் அந்த உணவை மறுபடி தொடாது. பழைய வேகமான விஷங்கள் பலவும் இதனால்தான் சரியாக வேலை செய்யவில்லை. இது அந்த ஓர் எலி தன் வாழ்நாளில் கற்ற பாடம். இதற்கு 'பழகிப்போச்சு', 'கத்துக்கிச்சு' என்று சொன்னால் தவறில்லை.

1948ல் வார்ஃபரின் எலிமருந்தாக அறிமுகமானது. அதன் பின்னணிக் கதை மாடுகளிலிருந்து தொடங்குகிறது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவிலும் கெட்டுப்போன இனிப்புத் தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் இறந்தன. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்பவரின் குழு அந்தப் புல்லிலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் உருவானதே வார்ஃபரின். இன்று ரத்தக்கட்டைத் தடுக்க மருத்துவமனையில் மனிதர்களுக்கும் கொடுக்கிறார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? ரத்தம் உறைவதற்குச் சில புரதங்கள் வேண்டும். அவற்றைத் தயாரிக்க ஈரலுக்கு வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமினை ஒரு நொதி மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவந்து திரும்பப் பயன்படுத்த விடும். வார்ஃபரின் அந்த நொதியைத் தடுக்கிறது. கையிருப்புப் புரதம் தீர்ந்ததும் உடலுக்குள் ரத்தம் கசிந்து எலி இறக்கும். இதற்குச் சில நாள் ஆகும். திங்கட்கிழமை தின்ற உணவுக்கும் வியாழக்கிழமை வந்த சுகக்கேட்டுக்கும் தொடர்பு உண்டு என்று எலியால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே மறுபடி மறுபடி வந்து தின்னும். எலியின் கற்கும் திறமையை இந்த மருந்து வென்றுவிட்டது.

ஆனால் வெற்றி நீடிக்கவில்லை. 1958ல் ஸ்காட்லாந்தில் வார்ஃபரின் தின்றும் சாகாத எலிகள் கண்டறியப்பட்டன. 1980களில் மலேசியாவிலும் அதைத் தாங்கும் எலிகள் பதிவாயின. 2004ல் காரணமான மரபணு அடையாளம் காணப்பட்டது. அந்த நொதியை உருவாக்கும் மரபணுவில் ஒரு சிறு மாற்றம் இருந்தால் வார்ஃபரின் அதை முன்போல் தடுக்க முடிவதில்லை.

7. ஒரு சின்னக் கணக்கு

இப்போது நம் கேள்விக்கு வருவோம். அந்த மரபணு மாற்றம் மருந்தைக் கண்டதும் வரவில்லை. மரபணு நகல் எடுக்கப்படும்போது தற்செயலாக நேரும் பிழை அது. மருந்து வைத்தாலும் வரும், வைக்காவிட்டாலும் வரும். ஏதோ சில எலிகளிடம் அது இருக்கும். அந்த எலிகளுக்கே அது தெரியாது.

எளிமைக்காக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். எண்கள் புரிதலுக்காக மட்டும்.

தோட்டத்தில் 1,000 எலிகள். தாங்குதிறன் உள்ளவை 10. மீதி 990 சாதாரண எலிகள்.

முதல் முறை மருந்து வைக்கிறோம். சாதாரண எலிகளில் 950 சாகின்றன, 40 தப்புகின்றன. தாங்கும் 10 எலிகளும் பிழைக்கின்றன. மொத்தம் மிஞ்சியது 50. தோட்டத்தில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் கவனியுங்கள்: நூற்றுக்கு ஒன்றாக இருந்த தாங்கும் எலி இப்போது ஐந்துக்கு ஒன்று.

எலிகள் மறுபடி 1,000 ஆகப் பெருகுகின்றன. பெற்றோரின் தன்மை அதே விகிதத்தில் பிள்ளைகளுக்கும் போகிறது என்று கொண்டால், அவற்றில் 200 தாங்கும் எலிகள்.

இரண்டாம் முறை மருந்து. சாதாரண 800 எலிகளில் 32 தப்புகின்றன. தாங்கும் 200ம் பிழைக்கின்றன. மிஞ்சிய 232ல் தாங்குபவை நூற்றுக்கு 86.

மூன்றாம் முறை அதே மருந்து வைத்தால் 1,000ல் 860க்கு மேல் உயிரோடு இருக்கும். அப்போதுதான் நாம் "பழகிப்போச்சு" என்கிறோம்.

இந்தக் கணக்கில் எந்த எலியாவது மாறியதா? இல்லை. சாதாரண எலி சாதாரண எலியாகவே செத்தது. தாங்கும் எலி தாங்கும் எலியாகவே பிறந்தது. மாறியது எலிக்கூட்டத்தின் விகிதம். பாடநூல் 'இயற்கைத் தேர்வு' என்று சொல்வது இதைத்தான். மாறுபாடு, தேர்வு, மரபுவழிக் கடத்தல் என்ற மூன்று படிகளும் இதற்குள் அடக்கம்.

வாழ்நாளில் உடலுக்கு நேர்வது பிள்ளைக்குப் போகாது என்பதையும் எலிக் குடும்பமே நிரூபித்தது. 1880களில் ஜெர்மனியின் ஆகஸ்ட் வைஸ்மன் சுண்டெலிகளின் வாலை ஐந்து தலைமுறையாக வெட்டினார். பிறந்த 900க்கும் மேற்பட்ட குட்டிகளில் ஒன்றுகூட வாலில்லாமல் பிறக்கவில்லை.

இன்னும் இரண்டு செய்திகள், உயர்நிலைச் சிந்தனைக் கேள்விக்கு உதவும். ஒன்று, தாங்குதிறன் இலவசம் இல்லை. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் தாங்கும் எலிகளைப் பார்த்தபோது, அவற்றுள் சிலவற்றுக்கு உணவில் அதிக வைட்டமின் கே தேவைப்பட்டது. மருந்து இல்லாத இடத்தில் அந்தத் தன்மை பலவீனமாகிவிடும். ஒரு பண்பு நல்லதா கெட்டதா என்பதைச் சூழல்தான் தீர்மானிக்கிறது. இரண்டு, மாறுபாடு வருவதற்குப் பிறழ்வு ஒன்றே வழியில்லை. 2011ல் வெளியான ஆய்வின்படி, ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் உள்ள சில வீட்டுச் சுண்டெலிகளுக்கு இந்தத் தாங்கும் மரபணு அல்ஜீரியச் சுண்டெலி என்ற வேறோர் இனத்தோடு கலந்ததால் கிடைத்தது.

8. 'கொள்' செய்யும் குழப்பம்

இங்கேதான் தமிழாசிரியர் தேவை. "சமைத்தான்" என்பதற்கும் "சமைத்துக்கொண்டான்" என்பதற்கும் என்ன வேறுபாடு? 'கொள்' என்ற துணைவினை சேர்ந்ததும், செய்தவன் தன் பயனுக்காகச் செய்தான் என்ற பொருள் வந்துவிடுகிறது. "மாற்றிக்கொண்டது", "தகவமைத்துக்கொண்டது", "வளர்த்துக்கொண்டது" என்று எழுதும்போது எலிக்கு ஒரு திட்டம் இருந்ததுபோல வாக்கியமே சொல்லிவிடுகிறது. "-வதற்காக" என்ற சொல்லும் அப்படியே. முள்ளம்பன்றி உட்கார்ந்து யோசித்து முள் வளர்த்த மாதிரி ஆகிவிடும்.

திருத்திப் பார்ப்போம்.

மாணவர் வாக்கியம்: எலி விஷத்திற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டது.
திருத்தம்: விஷத்தைத் தாங்கும் எலிகள் பிழைத்துப் பெருகியதால், எலிக்கூட்டத்தில் தாங்குதிறன் பரவியது.

மாணவர் வாக்கியம்: முள்ளம்பன்றி எதிரியிடமிருந்து தப்பிப்பதற்காக முள்ளை வளர்த்துக்கொண்டது.
திருத்தம்: தடித்த விறைப்பான முடி உள்ளவை எதிரியிடமிருந்து அதிகம் தப்பின; அவற்றின் வழிவந்தவற்றில் தலைமுறைதோறும் அந்தப் பண்பு வலுப்பெற்றது.

மாணவர் வாக்கியம்: அணில் கொட்டையை உடைக்க வேண்டும் என்பதால் அதன் பல் வளர்கிறது.
திருத்தம்: அணிலின் வெட்டுப்பல் வாழ்நாள் முழுவதும் வளர்கிறது, அதனால் கொட்டையைக் கொறித்துத் தேய்ந்தாலும் ஈடாகிறது.

ஒரு குறிப்பு: "பல் வளர்ந்துகொண்டிருக்கிறது" என்பதிலும் 'கொண்டு' இருக்கிறதே என்று மாணவர் கேட்பார். அது தொடர்ந்து நடப்பதைக் காட்டுவது. அதில் பிழை இல்லை. மேலே நாம் பல்லை 'தானே தீட்டிக்கொள்ளும் உளி' என்றோம். அது உவமைக்காகச் சொன்னது. விடைத்தாளில் "தேய்மானத்தால் கூராகிறது" என்று எழுதச் சொல்லுங்கள்.

எளிய சோதனை ஒன்று வையுங்கள். பரிணாமம் பற்றிய வாக்கியத்தில் எழுவாய் யார் என்று கேளுங்கள். ஒரு தனி எலி எழுவாயாக வந்து, பயனிலை 'மாறியது' என்று இருந்தால் மறுபடி எழுதச் சொல்லுங்கள். எழுவாய் எலிக்கூட்டமாக இருக்க வேண்டும்.

9. வாக்கியம் மாறினால் தோட்டத்தில் என்ன மாறும்?

இது வெறும் மதிப்பெண் விஷயம் இல்லை. "எலி பழகிப்போச்சு" என்று நினைப்பவர் அடுத்து என்ன செய்வார்? இன்னும் கொஞ்சம் கூடுதலாக அதே மருந்தை வைப்பார். நடந்தது தேர்வு என்று புரிந்தவருக்கு, அப்படி வைப்பதால் தாங்கும் எலிகளுக்கே இடம் ஒழித்துக் கொடுக்கிறோம் என்பது தெரியும்.

வார்ஃபரின் தோற்றதும் அதைவிடக் கடுமையான இரண்டாம் தலைமுறை மருந்துகள் வந்தன. அவை எலியின் உடலில் அதிக நாள் தங்கும். அந்த எலியைப் பிடித்துத் தின்னும் பறவைக்கும் விஷம் ஏறும். இதில் அடிபடுவது கூகை.

கூகையைப் பேய்ப்பறவை, அபசகுனம் என்று நம்மவர்களும் பயப்படுவார்கள்; மலாயிலும் ஆந்தைக்குப் 'புருங் ஹந்து' என்றே பெயர். ஆனால் எலிக் கட்டுப்பாட்டில் அது தோட்டத்தின் நண்பன். தீபகற்ப மலேசியாவில் கூகை கூடு வைத்தது முதன்முதலாக 1968ல், நம் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில்தான் பதிவானது. அது குச்சி அடுக்கிக் கூடு கட்டும் பறவை இல்லை. அதற்குப் பொந்து வேண்டும். செம்பனையில் பொந்து கிடையாது. அதனால் தோட்டங்களில் கம்பத்தின் மேல் பெட்டி வைக்கிறார்கள். குஞ்சுகளோடு உள்ள ஒரு ஜோடி ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

கூகையும் தேர்வு செய்கிறதுதானே, கூகையைத் தாங்கும் எலி வராதா என்று ஒரு கெட்டிக்கார மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. வார்ஃபரின் ஒரே ஒரு நொதியைத் தாக்குகிறது. ஒரே ஒரு மரபணு மாற்றம் போதும் அதிலிருந்து தப்ப. கூகையிடமிருந்து தப்ப அப்படி ஒற்றைச் சாவி இல்லை. கேட்கும் திறன், ஓடும் வேகம், பதுங்கும் குணம் என்று பல சேர வேண்டும். அதோடு கூகையும் தலைமுறை தலைமுறையாக மாறக்கூடிய உயிர்; மருந்துக்கட்டி அப்படி மாறாது. எலி ஏற்கெனவே மிக அதிகமாகிவிட்ட இடத்தில் கூகை மட்டும் போதாது என்பதும் உண்மை. அதனால்தான் கண்காணிப்பு, அளவான மருந்து, கூகை என்று பல வழிகளைச் சேர்த்துச் செய்கிறார்கள்.

பிள்ளைகளின் உடல்நலமும் இதில் இருக்கிறது. லெப்டோஸ்பைரா என்ற கிருமி எலியின் சிறுநீரகத்தில் தங்கும்; எலிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. சிறுநீர் வழியாக ஈர மண்ணுக்கும் தண்ணீருக்கும் போய், காலில் உள்ள சிறு காயம், கண், வாய் வழியாக நமக்குள் நுழையும். 'கென்சிங் தீக்குஸ்' என்று நாம் சொல்லும் நோய் இதுதான். வெள்ளம் வடிந்த பிறகு வீடு கழுவும்போதும், பழம் பொறுக்கும்போதும் காலணியும் கையுறையும் வேண்டும். காயத்தை மூட வேண்டும். சுங்கை பந்தாங் போன்ற அருவிக்குப் போய் வந்த பிறகோ, வெள்ளத்தில் நடந்த பிறகோ காய்ச்சல் வந்தால், தண்ணீரில் இறங்கிய விஷயத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்து உண்டு.

எல்லாக் கொறித்துண்ணியும் நமக்குத் தொல்லை என்று முடித்துவிட வேண்டாம். எண்டாவ் ரொம்பின் போன்ற காட்டில் விதையைத் தூக்கிப் போய்ப் புதைத்து, பிறகு எடுக்க மறந்துவிடும் அணிலும் எலியும் நட்ட மரங்கள் உண்டு.

10. வகுப்பறைக்கு

கலைச்சொற்கள்:
வெட்டுப்பல் – முன்பக்கம் உள்ள, வெட்டுவதற்கான பல்
மாறுபாடு – ஒரே இனத்துக்குள் காணும் வேறுபாடு
பிறழ்வு – மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றம்
இயற்கைத் தேர்வு – சூழலில் பிழைத்துப் பெருகுபவற்றின் பண்பு கூட்டத்தில் பரவுதல்
தாங்குதிறன் – விஷத்தையோ மருந்தையோ தாங்கிப் பிழைக்கும் திறன்

பயிற்சிக் கேள்விகள்:
1. முயல், மூஞ்சூறு, முள்ளம்பன்றி ஆகியவற்றுள் எது கொறித்துண்ணி? பல்லைக் காரணம் காட்டி விளக்குக.
2. எலி உணவைச் சந்தேகிப்பதற்கும் வார்ஃபரினைத் தாங்குவதற்கும் உள்ள வேறுபாடு என்ன? (குறிப்பு: ஒன்று வாழ்நாளில் கற்பது, மற்றொன்று பிறவியிலேயே வருவது.)
3. பகுதி 7இல் உள்ள கணக்கில், முதலில் தாங்கும் எலி ஒன்றுகூட இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும்?
4. 'செம்பனைத் தோட்டத்தில் எலிக் கட்டுப்பாட்டுக்கு ஒரே வழியை நம்பியிருப்பது ஆபத்து' – கருத்து விளக்கக் கட்டுரை எழுதுக.
5. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொல்வதைத் தோட்டத்து எலியோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.

மூன்றாம் கேள்வியில் அதிக நேரம் செலவிடுங்கள். "எலி எப்படியாவது பழகிக்கொள்ளும்" என்று எந்த மாணவராவது எழுதினால், அவரையே கரும்பலகைக்கு அழைத்து அந்தக் கணக்கைச் சுழியத்திலிருந்து போடச் சொல்லுங்கள். தாங்கும் எலி 0 என்று தொடங்கினால், பிறழ்வோ கலப்போ புதிதாகக் கொண்டுவந்தால் தவிர, மூன்றாம் சுற்றிலும் அது 0ஆகத்தான் இருக்கும்.